பௌர்ணமியை எப்போது பார்ப்பது?

ஆண்டுக்கு மூன்று நான்கு தடவையாவது அந்தச் செய்தி வந்துவிடுகிறது: "இன்று இரவு சூப்பர்மூன், காணத் தவறாதீர்கள்." கூடவே, கோபுரத்தையே மறைக்கிற அளவுக்கு ஒரு ராட்சத நிலாவின் படம். அதை நம்பி, சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் பத்து மணிக்கு மொட்டைமாடி ஏறுகிறவர் காண்பது வழக்கமான நிலாவைத்தான். கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றுவிட்டு, "இதுக்குத்தானா இவ்வளவு?" என்று இறங்கிவிடுகிறார். அந்த ஏமாற்றம் நியாயமானதே. எந்த நேரத்தில், எந்தத் திசையில், எதை எதிர்பார்த்துப் பார்க்க வேண்டும் என்று செய்தி அவருக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நேரம். பௌர்ணமி நமக்கு ஓர் இரவாகப் பழகிவிட்டது. கணக்கில் அது ஒரு கணம். பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனும் நிலாவும் 180 பாகை விலகி, நேரெதிர்த் திசைகளில் வந்து நிற்கும் கணம். அது காலை எட்டு மணிக்கும் வாய்க்கலாம், மதியச் சாப்பாட்டு நேரத்திலும் வாய்க்கலாம். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது எளிது. சூரியனைவிட நிலா 12 பாகை முந்தும் கால அளவு ஒரு திதி. அப்படிப் பதினைந்தாவது திதி, 168 பாகையில் தொடங்கி 180 பாகையில் முடிகிறது. ஆகவே நாட்காட்டியில் பௌர்ணமி திதி முடியும் நேரம் என்று போட்டிருக்கிறதே, வானியலாளர்கள் முழுநிலவு என்று சொல்லும் கணம் அதுதான். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்ற உகந்த நேரம் என்று அறிவிக்கப்படுவது சில மாதங்களில் இரண்டு தேதிகளைத் தொட்டுக்கொண்டு வருவதற்கும் காரணம் இதுவே.

நமக்கு வேண்டியது கணம் அல்ல, மாலை. அந்தக் கணத்துக்கு அரை நாள் முன்னாலோ பின்னாலோ வட்டத்தில் உள்ள குறை கண்ணுக்குத் தெரியாது. நேரெதிர்த் திசை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். மேற்கே சூரியன் விழுகிறபோது கிழக்கே நிலா எழும், நள்ளிரவில் உச்சிக்கு வரும், விடிகிறபோது மேற்கே இறங்கும். கன்னியாகுமரியில் சித்ரா பௌர்ணமியன்று ஒரு பக்கம் சூரியன் மறைய, மறுபக்கம் நிலா எழுவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. இதே காட்சி ஒவ்வொரு பௌர்ணமிக்கும் உண்டு. இரு பக்கமும் மறைப்பில்லாத அடிவானம் வேண்டும், அவ்வளவுதான். பெரிய ஏரிக்கரையோ அறுவடை முடிந்த வயலோ போதும்.

இன்னொரு கணக்கையும் நினைவில் வைக்கலாம். நிலா ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதமாக எழுகிறது. பௌர்ணமிக்கு முந்தைய மாலையில் சூரியன் இருக்கும்போதே கிழக்கில் ஏறிவிட்டிருக்கும். மறுநாள் இருட்டிய பிறகுதான் வரும். படம் எடுக்கிறவர்கள் பௌர்ணமியன்றும் அதற்கு முந்தைய மாலையிலும் போவதற்குக் காரணம், அப்போது வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும், நிலாவோடு மலையும் மரமும் படத்தில் விழும்.

அந்த மாலையில்தான் நிலா பெரிதாகவும் தெரிகிறது. இது கண் செய்கிற வேலையல்ல, மூளை செய்கிற வேலை. நிலா எழும்போது ஒரு தாளைச் சுருட்டி அதன் துளை வழியாகப் பாருங்கள். நடுவானில் வந்த பிறகு அதே துளையில் மறுபடி பாருங்கள். அளவு மாறியிருக்காது. கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் எந்த நேரத்திலும் நிலா அதற்குள் மறைந்துவிடும். அதன் அகலம் வானத்தில் அரைப் பாகைதான். சொல்லப்போனால் அடிவானத்து நிலா கொஞ்சம் சிறியது. உச்சியில் இருக்கும்போது பூமியின் ஆரம் அளவுக்கு, ஏறக்குறைய 6,400 கிலோமீட்டர், நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னு அல் ஹைதம் இந்த மயக்கத்தை ஆராய்ந்தார். மூளை ஏன் இப்படிச் செய்கிறது என்பதில் உளவியலாளர்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. கோபுரத்தை மறைக்கும் அந்த ராட்சத நிலாப் படங்கள் வேறு வகை: மைல் கணக்கில் தள்ளி நின்று, நீண்ட லென்ஸில் எடுப்பவை. தள்ளிப் போகப் போகக் கோபுரம் சிறுக்கும், நிலா சிறுக்காது.

சூப்பர்மூனுக்கு வருவோம். அந்தப் பெயரை 1979-இல் வைத்தவர் ரிச்சர்ட் நோல் என்ற அமெரிக்க ஜோதிடர், வானியலாளர் அல்லர். நிலாவின் பாதை முழு வட்டம் அல்ல. சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். கிட்டத்தில் வரும்போது 3,56,000 சொச்சம், தள்ளிப் போகும்போது 4,06,000 சொச்சம். கிட்டத்தில் வரும் வேளையும் பௌர்ணமியும் ஒட்டி விழுந்தால் சூப்பர்மூன். எவ்வளவு ஒட்டி என்பதற்கு நோல் ஓர் எல்லை வைத்தார், மற்றவர்கள் வேறு எல்லை வைத்தார்கள். அதனால்தான் ஒரே ஆண்டில் ஒரு பத்திரிகை மூன்று என்றும் இன்னொன்று நான்கு என்றும் எழுதுகிறது.

மிகச் சிறிய பௌர்ணமி நிலாவைவிட மிகப் பெரியது அகலத்தில் 14 விழுக்காடு கூடுதல், வெளிச்சத்தில் 30 விழுக்காடு கூடுதல். செய்தியில் வருகிற எண்கள் இவைதான், பொய்யும் அல்ல. ஆனால் ஏழு அங்குல தோசைக்கும் எட்டு அங்குல தோசைக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த 14 விழுக்காடு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழந்தையும் சொல்லிவிடும். ஒன்றை இன்றும் மற்றதை ஏழு மாதம் கழித்தும் பரிமாறினால் யார் சொல்ல முடியும்? பெரியதும் சிறியதும் வானத்தில் ஏறக்குறைய அந்த இடைவெளியில்தான் வருகின்றன. 2016 நவம்பர் 14 அன்று நிலா 3,56,509 கிலோமீட்டரில் வந்தது; 1948-க்குப் பிறகு அவ்வளவு கிட்டத்தில் வந்த பௌர்ணமி அதுதான். அடுத்து அதைவிட நெருங்கப்போவது 2034 நவம்பரில். கணக்கு விரும்பிகளுக்கு இவை சுவையான எண்கள். மாடியில் நிற்கிறவருக்கு அன்றும் அதே நிலாதான்.

கடலோரத்தில் இந்தப் பேச்சோடு ஓர் அச்சமும் சேர்ந்து வருகிறது, அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் முல்லைத்தீவிலும் அதை மறந்தவர் இல்லை. அதனால் ஒவ்வொரு சூப்பர்மூனுக்கும் "மறுபடி வருமா" என்ற கேள்வி கிளம்புகிறது. அன்று நிலா இருந்த இடத்தைப் பார்த்தால் பதில் தெளிவாகும். அது நான்கு லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால், தன் பாதையின் தொலைவுப் புள்ளியை ஒட்டி இருந்தது. சூப்பர்மூனுக்கு நேர்மாறான நிலை. அலையை எழுப்பியது சுமத்ராவுக்கு மேற்கே, கடலடித் தட்டுகளுக்கிடையே நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த இறுக்கம் ஒரு காலையில் விடுபட்ட 9.1 அளவு நிலநடுக்கம். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஓதம் கூடுதலாக ஏறும், நிலா கிட்டத்தில் இருந்தால் இன்னும் சில சென்டிமீட்டர் ஏறும். அது மீனவர்களுக்கு நாள்தோறும் தெரிந்த கடல். சுனாமி அந்தக் கணக்கில் வருவதல்ல.

மற்றப் பெயர்களுக்கு அதிக இடம் வேண்டாம். ஜூன் மாதம் "ஸ்ட்ராபெரி மூன்" என்றால் நிலா சிவக்காது. அது வட அமெரிக்காவில் பழம் பறிக்கும் பருவத்தின் பெயர், அங்குள்ள விவசாயப் பஞ்சாங்கங்கள் பரப்பியது. "ப்ளூ மூன்" என்றால் நீலமாக இராது. ஓர் ஆங்கில மாதத்துக்குள் வரும் இரண்டாவது பௌர்ணமி. இந்த விளக்கமேகூட 1946-இல் ஓர் அமெரிக்க வானியல் இதழில் பழைய வழக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட கட்டுரையிலிருந்து வந்தது. நம் ஊரில் ஒரே தமிழ் மாதத்தில் இரண்டு பௌர்ணமியோ இரண்டு அமாவாசையோ வந்தால் மலமாதம் என்று சொல்லி முகூர்த்தம் வைக்க மாட்டார்கள். ஒரே நிகழ்வை ஓர் ஊர் கொண்டாடுகிறது, ஓர் ஊர் ஒதுக்குகிறது.

நம்முடைய மாத வழக்கில் வானத்தைப் பார்க்க உதவும் விஷயம் ஒன்று உண்டு, அதைத்தான் செய்தித்தாள்கள் சொல்லலாம். சித்திரை மாதப் பௌர்ணமி நிலா சித்திரை நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கும். கார்த்திகையில் கார்த்திகைக் கூட்டத்தை ஒட்டி, மாசியில் மகத்தை ஒட்டி. தைப்பூசமும் பங்குனி உத்திரமும் வைகாசி விசாகமும் இதே கணக்கு. நிலா வெளிச்சத்தில் பூசம் போன்ற மங்கலானவை கரைந்துபோகும். சித்திரையும் மகமும் பிரகாசமானவை, தாக்குப்பிடிக்கும். சித்ரா பௌர்ணமியன்று நிலாவுக்கு அருகில் நீலம் கலந்த வெண்மையில் ஒற்றையாக மின்னும் புள்ளியைக் காட்டி, "இதுதான் சித்திரை" என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். நட்சத்திரத்தின் பெயர் நாட்காட்டியில் மட்டும் இருக்கும் ஒன்று என்று வளரும் தலைமுறைக்கு அது புதுச் செய்தி.

வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என இரண்டு இருப்பதும் இரண்டிலும் நேரம் மாறுவதும் பலரைக் குழப்புகிறது. வாக்கிய முறையின் அடிப்படை, வரருசி செய்ததாக மரபு சொல்லும் 248 சந்திர வாக்கியங்கள். நிலா கிட்டத்தில் வந்து மறுபடி கிட்டத்தில் வர ஏறக்குறைய 27.55 நாள், அப்படி ஒன்பது சுற்று, 248 நாள். நாளுக்கு ஒரு வாக்கியமாக, எழுத்துகளுக்குள் எண்களை ஒளித்து, மனப்பாடம் செய்யத் தோதாக நிலாவின் இருப்பிடத்தைச் சொல்கிறது. 1825-இல் மதராசில் வெளியான 'காலசங்கலித' நூலின் ஆசிரியர் ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்திருக்கிறார். கிரகணத் தொடக்கத்தில் பிசகு நான்கு நிமிடம்தான். முடிவில் கொஞ்சம் குறைய ஒரு மணி நேரம்.

வாக்கியக் கணக்கு பௌர்ணமி, அமாவாசையை மையமாக வைத்து அமைந்தது, ஏனென்றால் கிரகணம் வருவது அப்போதுதான். சூரியனின் ஈர்ப்பு நிலாவை இழுத்து அலைக்கழிக்கும் சில நுட்பங்களை அது தனியாகச் சேர்ப்பதில்லை. அதனால் பௌர்ணமியை ஒட்டிப் பிசகு குறைவு, அஷ்டமிப் பக்கம் போகப்போக மணிக்கணக்கில் ஏறும். கண்ணால் பார்த்துச் சரிபார்த்த இருப்பிடங்களைக் கொண்டு திருத்த வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குரல் கொடுத்தவர்களில் ஒருவர் சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தவரும் அவரே. கோயிலும் குடும்பமும் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது என்பது அவரவர் மரபு. நிலாவைப் பார்க்கக் கிளம்புகிறவர் அப்படித் திருத்திய திருக்கணிதத்தைப் பார்ப்பதே சரி.

கிரகணத்துக்கும் இதே தெளிவு வேண்டும். சந்திர கிரகணம் பௌர்ணமியில் மட்டுமே வரும், ஆனால் எல்லாப் பௌர்ணமியிலும் வராது. நிலாவின் பாதை சூரியப் பாதையிலிருந்து ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது, அதாவது பத்து நிலா அகலம். நிலா இருக்கும் தொலைவில் பூமியின் நிழலோ மூன்று நிலா அகலம்கூட இல்லை. பெரும்பாலான மாதங்களில் நிலா நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடும். இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளை ஒட்டிப் பௌர்ணமி விழுந்தால்தான் மாட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளிகளுக்கு நாம் வைத்த பெயர்கள் ராகு, கேது. அவை பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கின்றன. பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு ஒன்றரை ஆண்டு. ராகு கேது பெயர்ச்சி என்று ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை கோயில்களில் கூட்டம் சேர்வது இந்தக் கணக்கில்தான். பாம்பு விழுங்குகிறது என்ற கதை வழங்கிவந்த காலத்திலேயே, நிழல்தான் காரணம் என்று கி.பி. 499-இல் ஆரியபட்டர் எழுதிவிட்டார்.

முழு கிரகணத்தில் நிலா இருண்டுவிடாமல் செம்பு நிறமாவது பூமியின் காற்று மண்டலத்தால். அது சூரிய ஒளியை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. வரும் வழியில் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது. "பிளட் மூன்" என்று கிலி மூட்டுவது அந்த வெளிச்சத்தைத்தான். 2025 செப்டம்பர் 7 இரவு 11 மணியளவில் தொடங்கி 82 நிமிடம் அது இந்தியா முழுவதும் தெரிந்தது. சூரிய கிரகணத்தைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் கண் கெடும். சந்திர கிரகணத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வெறும் கண்ணால் பார்க்கலாம், கர்ப்பிணிகளும் பார்க்கலாம். வழக்கமான பௌர்ணமியைவிட அன்று வருவது குறைந்த ஒளி; புதிதாக எந்தக் கதிரும் அதில் சேர்வதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நிலாவின் முகத்தை விவரமாகப் பார்க்கப் பௌர்ணமி மிக மோசமான நாள். நம் முதுகுக்குப் பின்னாலிருந்து சூரியன் அடிப்பதால் மேடு பள்ளத்துக்கு நிழலே விழாது. எல்லாம் தட்டையாகத் தெரியும். அரைநிலாவை ஒரு சாதாரண பைனாகுலரில் பாருங்கள். இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டில், சூரியன் சாய்ந்து அடிக்கிற இடத்தில், பள்ளங்களின் விளிம்புகள் நிழலோடு எழுந்து நிற்கும். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியபோது வானத்தில் இருந்ததும் ஏறக்குறைய அரைநிலாதான். இறங்கும் இடத்தில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. பதினான்கு நாள் பகல் கையில் இருக்கவேண்டும் என்று கணக்கிட்டு இறக்கினார்கள். அமாவாசை கழிந்த இரண்டு மூன்று நாளில் மூன்றாம் பிறையைத் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் காணலாம்: பிறைக்குள் மிச்ச வட்டமும் மங்கலாகத் தெரியும். அது பூமியிலிருந்து போன வெளிச்சம். ரமலானுக்கும் பெருநாளுக்கும் பிறை தெரிந்ததா என்று மேற்கு வானத்தைத் துழாவுகிற வழக்கத்தில், வெறும் கண்ணால் நிலாவைப் பார்க்கும் பயிற்சி இன்றும் உயிரோடு இருக்கிறது.

நிலாவைத் தவிர மற்ற எதைப் பார்ப்பதென்றாலும் பௌர்ணமி தடை. எரிகல் பொழிவுச் செய்திகளில் விட்டுப்போவது இதுதான். "மணிக்கு நூறு எரிகற்கள்" என்பது, வானம் முற்றிலும் இருண்டிருந்து, எரிகற்கள் புறப்படுவதாகத் தோன்றும் புள்ளி நேர் உச்சியில் இருந்தால் எவ்வளவு என்று கணக்கிட்ட எண். ஆகஸ்ட் 12, 13-இல் உச்சம் பெறும் பெர்சீட்ஸ், ஸ்விஃப்ட்-டட்டில் வால்மீன் விட்டுச்சென்ற தூசி. அதன் புள்ளி வடக்கே வெகுதூரம். தமிழ்நாட்டில் பாதி வானம்கூட ஏறாது, நள்ளிரவுக்குப் பிறகுதான் சற்று மேலே வரும். 2025-இல் ஆகஸ்ட் 9 பௌர்ணமி, நிலா வெளிச்சமே பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. 2026 ஆகஸ்ட் 12 அமாவாசை. நமக்கு ஏற்றது டிசம்பர் 13, 14-இல் வரும் ஜெமினிட்ஸ்; மிதுன ராசிப் பக்கத்திலிருந்து வருகிறது, இரவு எட்டு ஒன்பது மணிக்கே புள்ளி எழுந்துவிடும், இரண்டு மணிவாக்கில் உச்சிக்கு அருகே. வடகிழக்குப் பருவமழை மேகம் விலகினால்தான் உண்டு. நகர விளக்குகளை விட்டு விலகி, பாய் விரித்துப் படுத்து, இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது கைப்பேசியைத் தொடாமல் இருக்க வேண்டும். தொலைநோக்கி வேண்டாம், அது வானத்தின் ஒரு துண்டை மட்டுமே காட்டும்.

"கோள்களின் அணிவகுப்பு" என்ற செய்திக்கும் ஒரு வரி. கோள்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே தளத்தில் சுற்றுவதால் எந்த இரவிலும் ஒரே பாதையில்தான் தெரியும். நான்கைந்து ஒரே நேரத்தில் அடிவானத்துக்கு மேலே இருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதைவிட அருமையானது இரண்டு கோள்கள் நெருங்குவது. 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் பத்தில் ஒரு பாகை இடைவெளியில், நிலா அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கில், மேற்கே சேர்ந்து நின்றன.

அடுத்து நாட்காட்டியில் குறித்து வைக்கத்தக்க ஓர் இரவு 2028 டிசம்பர் 31. அந்த மாதத்தின் இரண்டாவது பௌர்ணமி, கூடவே முழு சந்திர கிரகணம். நம் நேரப்படி இரவு எட்டரை மணிக்குச் சற்றுப் பின்னால் நிழல் படியத் தொடங்கும். ஒன்பதே முக்காலிலிருந்து பதினொன்றுக்குச் சற்று முன்வரை முழுதும் சிவந்திருக்கும். புத்தாண்டு பிறந்த சில நிமிடங்களில் நிழல் விலகிவிடும். மார்கழி நிலா நம் ஊரில் தலைக்கு நேர்மேலே ஏறுவது என்பதால் கட்டடமோ மரமோ மறைக்காது. அன்று பட்டாசுக்காக எப்படியும் விழித்திருப்போம். கொஞ்சம் அண்ணாந்தும் பாருங்கள்.